பதின்மூன்றாவது பாவாடை

அன்று காலையிலிருந்து ஜெயஷீலாவின் மிஷினில் மூன்று ஊசிகள் உடைந்துவிட்டன. பதினெட்டு வருடமாகத் தைக்கிறாள். ஒரே நாளில் மூன்று ஊசி உடைந்ததில்லை. துணியில் குறையில்லை, மிஷினிலும் குறையில்லை. கைதான் நிலைகொள்ளவில்லை.

சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி. மூன்றடுக்கு பிரில் வைத்த பாவாடைகள். மொத்தம் பன்னிரண்டு தைக்க வேண்டும். மகள் டயானா படிக்கும் கன்னியர் மடத்துப் பள்ளியிலிருந்து பன்னிரண்டு மாணவிகள், கொடைக்கானலில் நடக்கும் ஸ்பானிஷ் மொழி முகாமுக்குப் போகிறார்கள். அந்தக் கன்னியர் சபையின் தலைமை மடம் ஸ்பெயினில் இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் பத்து நாள் முகாம் நடத்துவார்கள். கடைசி நாளில் நடனம். அதற்குத்தான் இந்தப் பாவாடை. முகாமில் நன்றாகத் தேறுகிற பிள்ளையைச் சபையே கல்லூரி வரை படிக்கவைக்கும் என்று சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து ஜெயஷீலாவுக்கு உறக்கம் போய்விட்டது.

மணப்பாட்டில் பிறந்து, பத்தாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவள் அவள். மதுரைக்கு வடக்கே ஒரு நாளும் போனதில்லை. மகளாவது போகட்டும் என்று ஆசைப்பட்டாள். நாற்பது பெயர் எழுதிப் போட்டுக் குலுக்கினார்கள். டயானாவின் சீட்டு பதின்மூன்றாவதாக வந்தது.

"யாராவது ஒருத்தி வரலைன்னா டயானாதான்" என்று முகாமுக்கு அழைத்துப்போகும் சிஸ்டர் ஹில்டா சொன்னார். பயிற்சி வகுப்பிலும் அவளைச் சேர்த்துக்கொண்டார். சிஸ்டர் ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அது மீன்முள் மாதிரி அந்த வீட்டின் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அவள் கணவன் ஃபிராங்க்ளின் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தான். அவன் விசைப்படகு டிரைவர். மீன்பிடித் தடைக்காலம். படகு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. கரையில் இரண்டு மாதம் சும்மா இருப்பதைவிடப் புயலில் போவது மேல் என்பான்.

"ஏளா, பன்னெண்டு பிள்ளைக்குப் பன்னெண்டு பாவாடைதானே. நீ என்ன பதிமூணு வெட்டி வச்சிருக்க?"

"மிச்சத் துணி."

"மிச்சத் துணி சரியா டயானா அளவுக்கு மிச்சமாகுதோ."

துண்டுகளை ஒட்டுப்போட்டுத்தான் அந்தப் பதின்மூன்றாவது பாவாடையை முடித்திருந்தாள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று தைத்தவளுக்கே தேடினால்தான் தெரியும். அதை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தாள்.

ஊசி உடைந்ததற்குக் காரணம் அதுவல்ல. முந்தாநாள் சண்முகப்ரியா வந்து போனதுதான்.

சண்முகப்ரியா, பலசரக்குக் கடை வீரபாகு அண்ணாச்சியின் மகள். ஏழாம் வகுப்பு. குலுக்கலில் நாலாவதாக வந்தவள். அளவு பார்க்க வந்து நின்றாள். ஜெயஷீலா இஞ்ச் டேப்பை இடுப்பில் சுற்றியபோது பிள்ளையின் உடம்பு நடுங்குவது டேப்பில் தெரிந்தது.

"ஆன்ட்டி, பெட்சீட்ல மட்டும் என் பேரு போடாதீங்க."

முகாமுக்குக் கொண்டுபோகும் எல்லாத் துணியிலும் பெயர் தைத்திருக்க வேண்டும் என்று பள்ளியில் பட்டியல் கொடுத்திருந்தார்கள்.

"லிஸ்ட்ல போட்டிருக்கேம்மா. பன்னெண்டு பேரும் ஒரே ரூம்ல படுப்பிய. மாறிப் போயிரும்லா."

"மாறட்டும் ஆன்ட்டி."

பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள் ஜெயஷீலா. அந்தக் கண் தரையைப் பார்த்தது. வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எத்தன நாளா இருக்கு?" என்று மெல்லக் கேட்டாள்.

"சின்னதுலேர்ந்து. டெய்லி இல்ல. வாரத்துல ரெண்டு நாள். நின்னு போச்சுன்னு அம்மா நெனச்சிட்டு இருக்காங்க. அவங்க எந்திரிக்கதுக்கு முன்ன நனைஞ்ச பெட்சீட்ட நானே அலசிப் போட்டுருவேன். அங்கன போயி எப்படி அலச? கொடியில பேரோட தொங்கும்."

"அப்ப பேசாம வீட்டுல இருந்துக்கிடலாம்லா?"

சொன்ன பிறகுதான் ஜெயஷீலாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வி பிள்ளை மேல் இருந்த இரக்கத்தில் வந்ததா, அலமாரியில் இருந்த பாவாடையிலிருந்து வந்ததா?

"எனக்குப் போகணும் ஆன்ட்டி" என்றாள் சண்முகப்ரியா. "நான் யார் வீட்டுலயும் ஒரு நாளுகூடத் தங்குனதில்ல. சாத்தான்குளத்து அத்தை வீட்டுக்குப் போனாக்கூடச் சாயங்காலமே திரும்பிருவோம். எல்லாரும் லீவுக்குப் போயிட்டு வந்து கத சொல்லுவாளுவ. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்று ஜெயஷீலா வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நிம்மதியாகவாவது இருந்திருக்கும். வாக்குக் கொடுக்காத வாய் இரண்டு நாளாக அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை போதும். டயானா வண்டியில் ஏறிவிடுவாள். நேற்று மாலை பனிமய மாதா கோவிலுக்குப் போனாள். மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். 'என் பிள்ளை போகணும்' என்று கேட்டால், இன்னொருத்தி பிள்ளை தலைகுனிய வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்பதாகுமே. ஏற்றாமலே திரும்பி வந்தாள். அந்தத் திரி இன்னும் நூல் பெட்டிக்குள் கிடக்கிறது.

நாலாவது ஊசியை மாட்டும்போது வாசலில் நிழல் விழுந்தது. சண்முகப்ரியாவின் அம்மா அனுசியா.

"அக்கா, பிரியா ஒங்ககிட்ட என்னமும் சொன்னாளா?"

ஜெயஷீலா ஊசித் திருகை இறுக்கினாள்.

"என்ன சொல்ல?"

"ரெண்டு நாளா அவளுக்குச் சோறு எறங்கல. கேட்டா ஒண்ணுமில்லங்கா. இங்க வந்துட்டுப் போனதுலேர்ந்துதான் இப்படி. அவ அப்பா சொல்லிட்டாக, பிள்ளைக்கு என்னமும் கொற இருந்தா அனுப்பவே வேண்டாம், நாலு பேரு சிரிக்கும்படி ஆயிரக்கூடாதுன்னு. நாளைக்குள்ள சிஸ்டர்ட்ட சொல்லணும். எப்படியும் எடம் வீணாப் போகாது. ஒங்க டயானா இருக்கால்லா."

உள்ளறையில் டயானா ஸ்பானிஷில் ஒன்று இரண்டு சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். "ஊனோ, தோஸ், த்ரேஸ்..." என்று ஓடிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. திரைச்சீலைக்குப் பின்னால் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தாய்க்குத் தெரிந்தது.

எங்கோ துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. அது ஊதி முடிக்கும் வரைக்கும் ஜெயஷீலாவுக்கு அவகாசம் கிடைத்தது. பெற்ற வயிறு ஒரு பக்கம் இழுத்தது. டேப்பில் நடுங்கிய அந்தச் சின்ன இடுப்பு மறுபக்கம் இழுத்தது.

"இடுப்பு இறுக்கமா இருக்குன்னு பயந்துட்டா அனுசியா" என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "பாவாடை சேராம போயிருமோன்னு கவல. நான் ரெண்டு இஞ்ச் விட்டுத் தாரேன். வேற ஒண்ணுமில்ல. தைரியமா அனுப்புங்க."

"இதுக்கா சோறு திங்காம கெடக்கா?" அனுசியா சிரித்தபடி திரும்பினாள். "நான் என்னமோ ஏதோன்னு நெனச்சிட்டேன் அக்கா."

அவள் போன பிறகும் உள்ளேயிருந்து எண்ணும் குரல் வரவில்லை. டயானாதான் வந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"அவ இடுப்பு இறுக்கம்னா சொன்னா? என் பக்கத்துலதான் ஒக்காருதா. அவளுக்கு வேற என்னமோ இருக்கு. ஒனக்குத் தெரியும். தெரிஞ்சே மறைக்க. நான் போகக்கூடாதுன்னுதானே?"

சொன்னால் மகளின் கோபம் இந்த நிமிடமே தணிந்துவிடும். ஆனால் அது இன்னொரு பிள்ளையின் மானம். அதே வகுப்பில் இன்னும் ஐந்து வருடம் உட்கார வேண்டிய பிள்ளை.

டயானா அலமாரியைத் திறந்தாள். பாவாடை இருக்கும் இடம் அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது. வெட்டுக் கத்தரியை எடுத்து அடி பிரிலை ஒரே மூச்சில் அறுத்தெறிந்தாள். அறுத்துவிட்டு அழக்கூட இல்லை. ஜெயஷீலாவும் தடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஜெயஷீலாவுக்கு வேறொரு பைத்தியம் பிடித்தது. விரிப்பு. நனைந்தால் மெத்தைக்கு இறங்காத விரிப்பு. முதலில் உப்பளத்தில் அம்பாரமாகக் குவித்த உப்பை மூடுகிற தார்ப்பாயில் ஒரு துண்டு வாங்கிவந்து துணிக்கு அடியில் வைத்துத் தைத்தாள். தொட்டால் முறுக்குப் பொட்டலம் மாதிரி சத்தம் போட்டது. மருந்துக்கடை ரப்பர் ஷீட்டை வைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாடை அடித்தது. பிறகு, ஆணியில் தொங்கிய ஃபிராங்க்ளினின் மழைக்கோட்டு கண்ணில் பட்டது. மெல்லிசு, மிருது. எடுத்து வெட்டினாள்.

"ஏளா, அது நான் கடலுக்குக் கொண்டு போறது."

"கடலுக்குப் போம்போது புதுசு வாங்கிக்கிடுவோம். இதுல படுங்க."

"எதுக்கு?"

"சத்தம் வருதான்னு பாக்கணும். பொரண்டு படுங்க."

அவன் புரண்டான். "ஊரு முழுக்க படகு டிரைவர்னு மதிப்பு. வீட்டுல என்னயக் கருவாடு மாதிரி திருப்பிப் போடுதா" என்று கூரையைப் பார்த்துப் புலம்பினான். சத்தம் வரவில்லை.

"டயானா, ஒரு செம்பு தண்ணி கொண்டா" என்று மகளைக் கூப்பிட்டதும் அவன்தான். தாயின் முகத்தைப் பார்க்காமலே அவள் கொண்டுவந்து விரிப்பில் ஊற்றினாள். அடியில் கை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. தாயை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெயஷீலா அந்த விரிப்போடு மடத்துக்கு ஓடினாள்.

"கொடைக்கானல்ல தரை ஈரம் ஏறும் சிஸ்டர். அடியில மழைத்துணி வச்சுத் தச்சா குளிர் அண்டாது. ஆளுக்கு ரெண்டு, இருபத்துநாலும் ஒண்ணுபோலத் தச்சிருதேன். பேரு வேண்டாம். ஒரே அலமாரில அடுக்கி வச்சிருங்க. தெனமும் காலைல பன்னெண்டையும் ஒண்ணா அலசிக் காயப் போடச் சொல்லுங்க. மலைப் பனிக்கு அப்பதான் வாடை வராது."

சிஸ்டர் ஹில்டா விரிப்பின் அடியைத் தடவிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவர். என்ன புரிந்ததோ, எதையும் கேட்கவில்லை.

"துணி இன்னைக்கே வாங்கித் தாரேன். மூணு நாள்ல முடியுமா?"

"முடியும் சிஸ்டர்."

முடித்தாள். இடுப்பு ஒடிந்தது, கண் எரிந்தது. ஒரு ஊசிகூட உடையவில்லை.

புறப்படும் காலையில் பள்ளி வாசலில் வேன் நின்றது. பாவாடைகளையும் விரிப்புக் கட்டுகளையும் ஜெயஷீலாவே ஏற்றினாள். டயானா வரவில்லை. சண்முகப்ரியா பையை வைக்க வந்தவள், கட்டுக்கு மேலாக இருந்த விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு விரலுக்கு நடுவே துணியைத் தேய்த்துப் பார்த்தாள். அடியில் இருப்பது என்னவென்று தெரிந்துவிட்டது.

"பேரு எங்க ஆன்ட்டி?"

"யாருக்கும் போடல."

பிள்ளை ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அனுசியா, "ஏறு ஏறு, எடம் பிடிச்சிருவாளுவ" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள். வேன் போய்விட்டது. ஜன்னல் இருக்கைகளை ஜெயஷீலா எண்ணினாள். எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணினாள். அதில் ஒன்று டயானாவுடையதாக இருந்திருக்கும்.

வீட்டில் நாலு நாள் பேச்சில்லை. டயானா சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், தாய் கேட்டதற்குத் தலையசைத்தாள். ஜெயஷீலா வாசலுக்குப் போவாள், மிஷினுக்கு வருவாள், அடுப்பை அணைத்தோமா என்று மறுபடியும் போய்ப் பார்ப்பாள். 'ஊரான் பிள்ளைக்கு நல்லவளாகி உன் பிள்ளைக்குத் துரோகியாகிவிட்டாயா' என்று உள்ளே ஒரு குரல் கேட்டபடியே இருந்தது.

ஐந்தாம் நாள் சிஸ்டர் ஹில்டா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். மலைச்சரிவில் நீளமாக ஒரு கொடி. வெள்ளையில் நீலக் கோடு போட்ட பன்னிரண்டு விரிப்புகள் வரிசையாகக் காய்ந்தன. முன்னால் பன்னிரண்டு பிள்ளைகள் முழங்கை வரை நனைந்து, சிரித்துக்கொண்டு நின்றார்கள். சண்முகப்ரியா நடுவில் நின்று, பக்கத்தில் இருந்தவள் மேல் தண்ணீரை அள்ளி வீசிக்கொண்டிருந்தாள்.

ஜெயஷீலா பார்த்துக்கொண்டே இருந்தாள். போனை எட்டி வாங்கினாள் டயானா. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுல பிரியாவோடது எது?"

"தெரியாது."

"தச்சது நீதானே?"

"எல்லாம் ஒண்ணுபோலத்தான் தச்சேன்."

டயானா படத்தையே பார்த்தாள். அன்று செம்புத் தண்ணீரை ஊற்றிய கையை மெல்ல உடுத்தியிருந்த பாவாடையில் துடைத்துக்கொண்டாள், அது இப்போதுதான் நனைந்தது போல.

"யாருக்காகம்மா தச்ச?"

"பன்னெண்டு பேருக்கும்."

டயானா உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அறுந்த பாவாடையையும், தனியாக வந்த பிரிலையும் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தாள். முகத்தில் கோபம் போயிருந்ததா என்று ஜெயஷீலாவால் சொல்ல முடியவில்லை. கண் சிவந்திருந்தது.

"அடுத்த வருஷமும் குலுக்கல்ல பேரு போடலாம்லா?"

"போடலாம்."

"அப்ப இதச் சேத்துத் தச்சு வை." வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பாமலே சொன்னாள். "இடுப்புல ரெண்டு இஞ்ச் விட்டுத் தை."

ஜெயஷீலா நூலை எடுத்தாள். ஊசிக் காது கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று முறை முயன்றும் நூல் கோக்க முடியாமல், முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு நாலாவது முறையாக நூல் நுனியை வாயில் வைத்து நனைத்தாள்.