குதிக்காத டான்ஸ் டீச்சர்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் முன்னறையில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். மகன் பிறந்த பிறகு, குதித்தால் எனக்குச் சிறுநீர் கசிந்தது. அதனால் தாளம் தட்டும் தட்டுக்கழியோடு உட்கார்ந்தே சொல்லிக்கொடுத்தேன். "மிஸ் இப்ப இருந்துகொண்டே சொல்லிக்குடுக்கிற பெரிய டீச்சர்" என்று பிள்ளைகளின் அம்மாமார் மெச்சினார்கள். நானும் அவர்களை அப்படியே நம்பவிட்டேன்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கச் சொன்னா. இறுக்கினேன்.

"மூச்சைப் பிடிக்காதீங்கோ. வயித்தையும் விடுங்கோ. நீங்க கீழ தள்ளுறீங்க."

சிறுவயதிலிருந்தே வயிற்றை எக்கி நிற்கப் பழகினவள் நான். என் உடம்பில் எல்லாத் தசையும் என் சொல் கேட்கும் என்றிருந்தேன். இடுப்புக்கு அடியில் இருக்கும் இந்த ஒன்றை மட்டும் எனக்குத் தெரியவே தெரியாது. மூச்சை விட்டபடி அதை மெல்ல மேலே தூக்கப் பழகவே பல கிழமை சென்றது.

கசிவு நின்றதும் வகுப்பில் எழும்பிக் குதித்தேன்.

"மிஸ், இவ்வளவு நாளா ஏன் குதிக்கேல்ல?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வாசலில் அம்மாமார் நின்றார்கள்.

"பிள்ளை பிறந்த பிறகு, குதிச்சா எனக்கு மூத்திரம் போகும். அதுதான். இப்ப ஒரு பிசியோட்டப் போய்ச் சரியாக்கினேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பு மாட்டி லிஃப்ட் பக்கம் ஓடிவிட்டார்கள். அம்மாமார் அசையவில்லை. என்னை முதலில் மெச்சினவர்தான் கதவைச் சாத்தினார்.

"அந்த பிசியோ எங்க இருக்கிறா, மிஸ்?"