தகரத்தில் இரண்டு தட்டு

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகமிருந்தால் பூதலூர்ப் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டும் இளையபெருமாளையே கேளுங்கள். முன்கோபக்காரர்தான், ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

குறுவை அறுப்பு நேரம். பட்டப்பகல், மணி மூன்று இருக்கும். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் அரை வயல் பாக்கி. அந்த நேரம் பார்த்து, நன்னிலத்திலிருந்து வாங்கி வந்த பழைய மெஷினின் கதிரடிக்கும் டிரம்மில் ஈர வைக்கோல் சுற்றி அடைத்துக்கொண்டது. எஞ்சினை நிறுத்தினார். மனைவியின் தம்பி வெற்றிசெல்வன் அரிவாளோடு பின்பக்கம் போனான். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பையன்.

“முடிஞ்சதும் தகரத்துல ரெண்டு தட்டு தட்டுறேன் மாமா. அப்புறம் எஞ்சினப் போடுங்க.”

வழக்கமான ஏற்பாடுதான். சாவி அதன் இடத்திலேயே இருந்தது. சாவியைத் திருகினால் டிரம்மும் சேர்ந்து சுற்றும். இளையபெருமாள் சீட்டில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டக்... டக்.

சாவியில் கை வைத்தார்.

“போடா...”

மெஷினுக்குள்ளிருந்துதான் வந்தது. வாயில் வைக்கோல் அடைத்த மாதிரி ஒரு குரல்.

அவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அக்கா புருஷனைப் பார்த்துப் போடாவா? சாவியை விட்டுவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

“யாரப் பாத்துடா போடாங்கற?”

பின்பக்கம் சுற்றிப் போனார்.

வெற்றிசெல்வனின் கை தோள் வரைக்கும் டிரம்முக்குள் இருந்தது.

“நான் ஒண்ணுமே சொல்லலையே மாமா.”

“தட்டுனியே?”

“அருவா தகரத்துல இடிச்சுச்சு. ஏன்?”

இளையபெருமாள் ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினார். காலையிலிருந்து கொதிக்கிற மெஷின்... சாவி மட்டும் சில்லிட்டிருந்தது. அதை வெற்றிசெல்வனின் சட்டைப் பையில் போட்டார். இன்றைக்கும் உள்ளே கை விடுகிறவன் பையில்தான் சாவி.

சாயங்காலம், மெஷினை விற்ற காயாரோகணத்துக்குப் போன் போட்டார்.

“உண்மையச் சொல்லுங்க. இதுல யாராச்சும்...”

“போன தாளடி அறுப்புலங்க. ஒரு பையன் உள்ள கைய விட்டு வைக்கோல் எடுத்துக்கிட்டிருந்தான். முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. போடாதன்னு கத்திருக்கான் பாவம்.”

“அப்புறம்?”

“சீட்டுல இருந்தவனுக்கு, ‘போடா’ங்கற வரைக்குந்தான் கேட்டுச்சாம்.”