காயம் இல்லாத ஒப்பரேசன்

என் கூட்டாளி, நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற செய்னுல் காக்கா, போன வாரம் கொழும்பிலிருந்து திரும்பிவிட்டார். அவரைப் பற்றி எழுத அனுமதியும் கிடைத்தது. "பேரை மட்டும் மாத்திப் போடுங்க தம்பி" என்று ஒரு நிபந்தனை. மாற்றிவிட்டேன். ஊரையும் மாற்றியிருப்பேன்... ஆனால் திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே கடலில் லோஞ்ச் படகு ஓட்டுகிற மனிதரை வேறு எந்த ஊரில் கொண்டுபோய் வைப்பது?

இந்த வருடத் தொடக்கத்தில் காக்காவுக்குச் சிறுநீரோடு இரத்தம் போனது. வலி இல்லை, எரிவு இல்லை — இரத்தம் மட்டும். எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்: சூடு. நாள் முழுக்க என்ஜினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குச் சூடு பிடிக்காமல் வேறு என்ன பிடிக்கும்? ஒரு குலை இளநீர் இறக்கினார்கள். இரண்டொரு நாளில் இரத்தம் நின்றது. நாங்கள் இளநீருக்குக் கொடுத்த பாராட்டு எந்த மந்திரிக்கும் கிடைத்திருக்காது.

கொஞ்ச நாளில் மறுபடி இரத்தம். மறுபடி இளநீர். மறுபடி வெற்றி. அப்போதுதான் அவருடைய மனைவி சபியா ராத்தா கேட்டார்:

"சுகமாகினா, ஏன் திரும்பத் திரும்ப வருது?"

வாராவாரம் இந்தப் பத்தியில் உலகத்துக்குப் புத்தி சொல்கிற எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், கொழும்புக்கு அனுப்பினார்கள். சிறுநீர்ப்பையில் கட்டி.

அங்கே வயிற்றை வெட்டவில்லை. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, சிறுநீர் வருகிற வழியாகவே விளக்கு வைத்த ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். அதற்குள்ளால் கட்டியைப் பார்த்து, மின்சாரம் பாயும் சின்னக் கம்பி வளையத்தால் துண்டு துண்டாகச் சுரண்டி எடுத்தார்கள்.

"கப்பித்தான் குழாய்க் கண்ணாடியால கரையைப் பாக்கிற மாதிரி, டொக்டர் ஒத்தக் கண்ணால பாத்துக்கிட்டே இரிந்தார் தம்பி," என்றார் காக்கா. "இந்த முறை நான்தான் கடல்."

சில நாள் சிறுநீர் வடிய ரப்பர் குழாயும் போத்தலுமாகப் படுத்திருந்தார். பிறகு வீடு. டொக்டர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: இது புற்றுநோய், திரும்ப முளைக்கக்கூடிய கட்டி, மூன்று மாதத்தில் வரவேண்டும், மறுபடி குழாய் விட்டுப் பார்க்கவேண்டும், பிந்தக்கூடாது.

இனித்தான் பிரச்சினை.

ஒப்பரேசன் செய்தவரைப் பார்க்க நம்மவர்கள் தோடம்பழத்தோடு போவார்கள். காயத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவார்கள். எத்தனை தையல் என்று கேட்பது ஒரு மரியாதை. கேட்காமல் வந்தால் நோயாளிக்கே மனவருத்தம். காக்கா வீட்டு விறாந்தையிலும் முதல் நாளே கதிரை போதவில்லை.

"எங்க, காயத்தக் காட்டுங்க பாப்பம்," என்றார் ராத்தாவின் தம்பி லத்தீப்.

"காயமில்ல."

"காயமில்லாம எப்பிடிக் கட்டிய எடுத்த?"

காக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எந்த வழியாக என்பதை அத்தனை பேர் நடுவில் ஓர் ஆண்பிள்ளை எப்படிச் சொல்வது?

"மெசினால..." என்று இழுத்தார்.

"மெசினாலயா? எனக்குக் குடல்வால் எடுத்த நேரம், இந்தா..." லத்தீப் தன்னுடைய சாரத்தை ஒதுக்கித் தழும்பைக் காட்டினார். வந்தவர்கள் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள்.

வாரம் முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. கொழும்பில் ஒன்றும் செய்யவில்லை. கட்டி என்று ஒன்று இருக்கவே இல்லை. சும்மா படுக்கவைத்து அனுப்பிவிட்டார்கள்! சிரித்துவிட்டுப் போகலாம் — காக்காவும் அதை நம்பத் தொடங்காமல் இருந்திருந்தால்.

ஏன் நம்பினார் என்றா கேட்கிறீர்கள்? புற்றுநோய் திரும்பி வரலாம் என்ற பயத்தோடு படுப்பதைவிட, யாரோ நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு படுத்தால் நித்திரை நன்றாக வரும். நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

டொக்டர் சொன்ன மூன்று மாதத் தவணை நெருங்கியபோது போய்ப் பார்த்தேன். லத்தீப்பும் இருந்தார்.

"இரத்தம் வரல்ல. நோவில்ல. காயமுமில்ல," என்றார் காக்கா. "லோஞ்ச விட்டுட்டு நான் என்னத்துக்குத் தம்பி போற?"

"போகாமல் விட ஏலாது காக்கா," என்றேன். ஊரைச் சிரிக்கவைப்பதாகப் பெயரெடுத்த ஆள், ஒரு கூட்டாளியை ரயிலேற்ற வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ராத்தா குசினி வாசலில் நின்றார். கொழும்பில் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து, அந்தப் போத்தலின் சிவப்பு மெல்ல மெல்ல வெளிறித் தண்ணீராகிற வரைக்கும் பார்த்திருந்தவர் அவர். குரலை உயர்த்தவில்லை.

"காயம் வேணுமெண்டா போகாதீங்க. இப்ப போனா, பாத்துச் சுரண்டி உடுவாங்க. பிந்திப் போனா வயித்த வெட்டிப் பையையே எடுக்க வருமெண்டு டொக்டர் என்னட்டச் சொன்னவர். நல்ல நீளமான காயமாத்தான் இரிக்கும். லத்தீப், நீ எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. வந்து பாக்கட்டும்."

லத்தீப் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

தவணைக்குப் பிந்தாமல் புருஷனும் பெண்சாதியும் மெயில் ரயிலில் போனார்கள்.

திரும்பி வந்த காக்காவை லோஞ்ச் துறையில்தான் கண்டேன். மூதூர்ச் சனம் மூட்டை முடிச்சோடு ஏறிக்கொண்டிருந்தது. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, என்ஜின் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னார்:

"இரிந்திச்சு தம்பி. ஒண்டு. மிளகளவு. கண்ட இடத்திலயே கரண்டால சுட்டுட்டாங்க."

"இனி?"

"இன்னும் மூண்டு மாசத்தில."

அவர் முகத்தில் பயம் இருந்தது. நல்ல பயம் — மனிதனைக் கையைப் பிடித்து ரயிலேற்றுகிற பயம். கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டுச் சுக்கானைப் பிடித்தார்.

அடுத்த தவணைக்குக் கூடப் போவது லத்தீப்பாம்... அவராகவே கேட்டாராம்.