நாற்பது சோடிச் செருப்பு

அன்று ஊர்வலத்தில் கூலிக்காரர்கள் நாற்பது பேரும் அப்பாவும் நானும் இருந்தோம். மிராசுதார் ஊரில் இல்லை. அவருடைய காரியக்காரர் அவர் வீட்டு வாசலில் நின்றார். மிராசுதார் வீட்டுத் தெருவில் எங்கள் சனம் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதை மீறத்தான் அப்பா, சோடி ஆறு ரூபாய் என்று வாங்கிக்கொண்டு, நாற்பது சோடி தைத்தார்.

தோல் மிருதுவாக, கெமிஸ்ட்ரி படித்த நான் ஆமணக்கெண்ணெயில் ஆசிட் சேர்த்துப் பக்குவம் செய்து பூசினேன். மிச்ச ஆசிட் போக எண்ணெயை உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அவசரத்தில் கழுவவில்லை. இரண்டே வாரத்தில் தோல் இற்று, நடுத்தெருவில் வார்கள் அறுந்தன.

“கையில எடுத்துக்குங்கடா, பழக்கந்தானே!” என்று காரியக்காரர் சிரித்தார்.

“யாரும் குனியாதீங்க! கால் விரலால கவ்வி இழுத்துக்கிட்டே நடங்க,” என்றார் கூலிக்காரர்களில் ஒருவரான செல்லம்மா அக்கா.

அப்படியே தெருவைக் கடந்தோம். எல்லோர் முன்னாலும் என் தவற்றைச் சொன்னேன். அப்பா வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், இருநூற்று நாற்பது ரூபாய்.