எல்லை தாண்டும் எக்ஸ்பிரஸ்

கரண்டி கேட்ட கணவனின் உள்ளங்கையில் 'பட்' என்று ஓர் அடி விழுகிறது. கேட்ட கரண்டிதான். காம்புப் பக்கம் சரியாக அவன் பிடிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. "கரண்டி!" என்று வாய்விட்டு வேறு சொல்கிறாள். அவன் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கிளறலாம்.

"ஏம்மா, கை எரியுது. நான் வெங்காயம்தான் வதக்குறேன், யார் வயித்தையும் கிழிக்கல."

"பழகணுமில்லங்க. டாக்டர் நிமிர்ந்தே பாக்க மாட்டாரு. கையில அழுத்திப் பட்டாத்தான் கத்தி வந்துடுச்சுன்னு அவருக்குத் தெரியும்."

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். வீட்டில் யார் எதைக் கேட்டாலும் இப்படித்தான் கிடைக்கிறது. பள்ளிக்கூடம் போகும் மகளுக்குப் பென்சில், கணவனுக்கு ஸ்பேனர், எல்லாம் பெயர் சொல்லி உள்ளங்கையில் வந்து விழும். கீழ்வீட்டுப் பெரியவர் ஒரு முறை ஸ்குரூ டிரைவர் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முறை வாசலிலேயே வைத்துவிடச் சொல்லிவிட்டார்.

'எக்ஸ்பிரஸ்' என்பது கணவன் வைத்த பெயர். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், நிதானத்துக்குப் பேர் போனவன். இவளோ நடந்து யாரும் பார்த்ததில்லை. பின்னலைப் பாதி வீட்டில் போடுவாள், மீதியை லிஃப்டுக்குள் போடுவாள். சமையலறையில் தொடங்கிய வாக்கியத்தை மாடிப்படியில் முடிப்பாள். கேட்டுக்கொண்டிருப்பவரும் கூடவே இறங்கி ஓடினால்தான் முழுக்கதையும் கிடைக்கும். எந்தத் தடங்கலைச் சொன்னாலும் "ஆயிடும், ஆயிடும்" என்பாள். ஆகாவிட்டால் என்ன செய்வாள் என்று கேட்பதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள்.

கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவள். வந்ததும் மொழி கற்றாள், ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கணவன் அவளுக்கு வெகுகாலம் முன்பே வந்து குடிமகனானவன். மகள் பிறக்கும்போதே குடிமகள். வீட்டில் இவள் ஒருத்திதான் பாக்கி. எங்கேயாவது ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது எல்லையில் அவர்கள் இருவரும் ஒரு வரிசையில் போவார்கள், இவள் தனியாக இன்னொரு வரிசையில் நிற்பாள். "பாப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கையாட்டுது. ஏதோ நான் ஜெயில்ல இருக்கற மாதிரியும், அது என்னைப் பாக்க வந்த மாதிரியும் இருக்கு" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இருக்காது.

குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்ட கையோடு, பல காலமாகக் காத்திருந்த நர்ஸ் படிப்புக்கும் இடம் கிடைத்தது. கிடைத்த இடம் பக்கத்து நாட்டில். இங்கே அந்தப் படிப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் வார்டுப் பொறுப்பாளர் இவளை உட்கார வைத்துச் சொன்னார்: "ரெண்டும் ஒண்ணா வேண்டாம்மா. இங்க குடியிருக்கறவங்களுக்குத்தான் குடியுரிமை. நீ பாட்டுக்கு வெளிநாட்டுல படிக்கப் போனா, அங்கேயே போயிட்டான்னு விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டுடுவாங்க. ஒண்ணு முடிச்சுட்டு ஒண்ணு பாரு." அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கல்லூரியில் அடுத்த வருடம் இடம் கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இவளுக்கு இரண்டும் வேண்டும், உடனே வேண்டும். "ஆயிடும், ஆயிடும்" என்று கிளம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து காலை ரயிலில் ஒரு நாடு, மாலை ரயிலில் இன்னொரு நாடு. ஜன்னலோர இருக்கையின் கைப்பிடி முழுக்க நூல் முடிச்சுகள். ஆபரேஷன் தையலுக்கு முடிச்சுப் போட்டுப் பழகுகிறாளாம். எதிரே உட்காருபவர் அசந்தால் அவருடைய குடைக்கும் இரண்டு முடிச்சு விழும். பாஸ்போர்ட் பார்க்க வரும் எல்லைக் காவலருக்கு இவள் முகம் மனப்பாடம். முதலில் எல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தவர், இப்போது பாஸ்போர்ட்டைத் திறப்பதற்கு முன்பே "இன்று என்ன முடிச்சு?" என்று கேட்கிறார். இவள் கர்ம சிரத்தையாக அதைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் பாஸ்போர்ட்டை நீட்டுவாள். நீட்டுவாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் உள்ளங்கையிலும் 'பட்'தான்.

கல்லூரி விடுதியில் இவளுக்கு இலவசமாகவே ஒரு கட்டில் கொடுத்தார்கள். வெயில் விழும் ஜன்னல், தனி அலமாரி. ஆசையாகச் சுற்றிப் பார்த்தாள், மெத்தையை அழுத்திக்கூடப் பார்த்தாள். படுக்கவில்லை. "படுத்தா இங்க குடியிருக்கேன்னு ஆயிடும்க்கா" என்று சக மாணவியிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். ஒரு நாள் மாலை தண்டவாளத்தில் ஏதோ கோளாறு, ரயில் இல்லை. எல்லோரும் விடுதிக்குத் திரும்பினார்கள். இவள் எல்லை தாண்டிப் போகும் பூக்கடை வண்டி ஒன்றைப் பிடித்து, பின்பக்கம் வாளிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்த கணவன், தலையெல்லாம் மகரந்தமாக நின்றவளைப் பார்த்து, "எக்ஸ்பிரஸ் இன்னிக்கு கூட்ஸா வந்திருக்கு" என்றான். அவளுக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்குள் வந்து விழுந்ததே பெரிது.

படிப்பதும் இரண்டு படிப்பு. ஒரு கையில் தியேட்டர் பாடம், இன்னொரு கையில் குடியுரிமை நேர்காணலுக்கான புத்தகம். இந்த நாட்டின் நதிகள், மாகாணங்கள், யாருக்கு எந்த வயதில் ஓட்டு, ஒரு சட்டத்துக்கு எத்தனை சபை ஒப்புதல் என்று பாத்திரம் கழுவும்போது மகள் கேள்வி கேட்பாள், இவள் நுரைக் கையோடு பதில் சொல்வாள். கல்லூரியில் ஒரு நாள், "ஆபரேஷன் தொடங்குமுன் முதலில் உறுதி செய்ய வேண்டியது எது?" என்று கேட்ட ஆசிரியையிடம், "இரு சபைகளின் ஒப்புதல்" என்று கணீரென்று சொல்லிவிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "நோயாளி பேர், நோயாளி பேர்!" என்று இவள் தலையில் அடித்துக்கொண்டு கத்தியது யார் காதிலும் விழவில்லை.

நேர்காணலுக்கு அழைப்பு வந்த நாளில் வீடு இரண்டுபட்டது. மகள் கட்டிலின் மேல் ஏறிக் குதித்தாள். இவள் கீழே நின்று குதித்தாள். போகும் நாளில் இருந்ததிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, கணவனையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். அலுவலகத்துக்கு எதிரே பழக்கடை இருந்தது. ஒன்றைத் தின்று பார்த்து, இனிப்பாக இருந்த ஆரஞ்சுகளை ஒரு பை நிறைய வாங்கினாள். வீட்டுக்குத்தான் வாங்குகிறாள் என்று கணவன் நினைத்துக்கொண்டான். பையோடு அவள் உள்ளே போவதையும் பார்த்தான். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

அதிகாரி ஒல்லியான அம்மாள். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். அவர் மேசையில் ஒரு பென்சில்கூடக் கோணலாகக் கிடக்கவில்லை. அந்த மேசையின் நடுவே இவள் வாயெல்லாம் பல்லாகப் பையை வைத்தாள்.

"இது என்ன?"

"ஆரஞ்சுங்க. ரொம்ப இனிப்பா இருக்கு, தின்னு பாத்துட்டுத்தான் வாங்கினேன்."

அம்மாள் சூடு பட்டதுபோல் இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். மணியை அழுத்தினார். இன்னொரு அதிகாரி வந்து சாட்சிபோலக் கதவருகே நின்றார்.

"முடிவு நிலுவையில் இருக்கும்போது அதிகாரிக்குப் பொருள் கொடுப்பது குற்றம். இதற்காகவே உங்கள் விண்ணப்பத்தை நிராகரிக்க என்னால் முடியும். தெரியுமா?"

இவளுக்குப் புத்தகத்தில் படித்த நதி, மாகாணம் எல்லாம் ஒரே நொடியில் மறந்து போயின. எல்லையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மகள் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தாள். பயம் வந்தால் இவளுக்குச் சிரிப்பு வரும். அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு இப்போது பார்த்துத் தொண்டைக்கு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு சொன்னாள்:

"ஐயோ, லஞ்சமெல்லாம் இல்லைங்க. ஒருத்தங்க வீட்டுக்கு மொதத் தடவை போறப்ப நாங்க வெறுங்கையோட போக மாட்டோம். அவ்வளவுதாங்க."

"இது வீடு அல்ல. அரசு அலுவலகம்."

"தெரியுங்க. ஆனா உங்க வீட்டுக்குள்ள வரட்டுமான்னு கேக்கத்தானே நான் வந்திருக்கேன்?"

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைப் பிரித்தார். இவள் எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ அந்தக் கேள்வியையே கேட்டார். "படிப்பது இன்னொரு நாட்டில். இங்கே உள்ளதைவிடப் பெரிய மருத்துவமனைகள் அங்கே உண்டு. படித்து முடித்ததும் அங்கேயே தங்கிவிட மாட்டீர்கள் என்று நாங்கள் எதை வைத்து நம்புவது?"

"அங்க எனக்கு ஓசியில கட்டில் கொடுத்தாங்கங்க. ஒரு ராத்திரிகூட நான் அதுல தலை சாய்க்கல. ரயில் நின்னு போன அன்னிக்குப் பூ வண்டியில வந்தேன். வேணும்னா அந்த எல்லைக் காவலரைக் கேளுங்க, என் மூஞ்சியைப் பாத்து அவருக்கே அலுத்துப் போயிருக்கும்." வண்டி வேகம் பிடித்துவிட்டது. இனி நிறுத்த முடியாது. "இங்க ஆஸ்பத்திரியில இந்த வேலைக்கு ஆளே இல்லைங்க. என் வார்டுல இருந்து நோயாளியைத் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போயி வாசல்லயே விட்டுட்டுத்தான் இத்தனை நாளும் திரும்பி வந்தேன். அந்தக் கதவுக்கு உள்ள போகணும்னுதான் அங்க போய்ப் படிக்கிறேன். படிச்சதை வேற எங்க கொண்டு போய்க் கொடுப்பேன்?" மூச்சு வாங்கினாள். "பழம் கொண்டு வந்தது தப்புதாங்க, மன்னிச்சிடுங்க. விருந்தாளிதானே பழம் வாங்கிட்டு வருவாங்க? வீட்டு ஆளா ஆக்கிட்டீங்கன்னா, அடுத்த தடவை கையை வீசிக்கிட்டு வெறுங்கையோடதான் வருவேன்."

கதவருகே நின்றவர் திடீரென்று பலமாக இருமினார். அம்மாள் சிரிக்கவில்லை. பென்சில் முனையால் பையை மேசை ஓரத்துக்குத் தள்ளி, "கீழே வையுங்கள்" என்றார். பிறகு நதியைக் கேட்டார், சபையைக் கேட்டார், ஓட்டைக் கேட்டார். மறந்து போனதெல்லாம் இவளுக்கு எப்படியோ திரும்பி வந்தது. எழுந்துகொள்ளும்போது, "முடிவைத் தெரிவிப்போம். பழத்தை எடுத்துச் செல்லுங்கள்" என்றார். குரலில் இருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

வெளியே கதையைக் கேட்ட கணவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "அடிப்பாவி! நம்ம வீட்டுக்குன்னுல்ல நினைச்சேன்!" இருவரும் தெரு ஓரப் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துத் தின்றார்கள். எக்ஸ்பிரஸ் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை அவன் கல்யாணமானதிலிருந்து அன்றுதான் பார்க்கிறான். அவனே கடைசியில், "ஆயிடும்" என்றான்.

ஆகிவிட்டது. செய்தி கைபேசியில் வந்தபோது அவள் ரயிலில் இருந்தாள். வண்டி எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது, காவலர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இவள் போட்ட கூச்சலில் அவர் தொப்பி கீழே விழுந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் அவரே பெட்டி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். குடையில் முடிச்சு வாங்கிய ஒருவர் எழுந்து நின்றே தட்டினார்.

உறுதிமொழி எடுக்கும் நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. மதியம் கல்லூரியில் தையல் பரீட்சை இருந்ததால் புத்தகப் பையோடுதான் வந்திருந்தாள். உறுதிமொழியை எல்லோருக்கும் அரை வரி முந்திக்கொண்டு சொன்னாள். பிறகு ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் கண்ணாடிக் கயிறோடு அதே அம்மாள் நின்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் பெயரைக் கேட்டதும் புத்தகப் பையைக் கணவன் மடியில் போட்டாள், கைபேசியை மகளிடம் திணித்தாள். போன இரண்டடியில் திரும்பி வந்து, கையில் சுருட்டி வைத்திருந்த கைக்குட்டையையும் கொடுத்தாள். ஓடாமல் நடந்து மேடை ஏறினாள். அம்மாளின் முன்னால் நின்று, சான்றிதழை வாங்குவதற்கு முன், இரண்டு கையையும் நீட்டி உள்ளங்கை, புறங்கை என்று திருப்பித் திருப்பிக் காட்டினாள்.