முகம் மட்டும் போதும் என்றார்கள்

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கண்டக்டர் என் மகன் நிக்கோவிடம், "தம்பி, கொஞ்சம் உள்ளுக்குப் போங்க" என்றார். சாதாரணப் பேச்சுதான். எனக்கோ, அவனிடம் தமிழில் பேசியதே பெரிய விஷயம். அவன் பிறந்து வளர்ந்த ஏதென்ஸில், முகத்தைப் பார்த்ததுமே வெளிநாட்டுக்காரன் என்று ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவார்கள். அவன் கிரேக்க மொழியில் பதில் சொன்ன பிறகு அசடு வழிவார்கள்.

கண்டியிலிருந்து வீட்டு வேலைக்கென்று ஏதென்ஸுக்குப் போன நான், அந்த ஊர்க்காரரையே கட்டிக்கொண்டேன். தகப்பனின் மொழியில் மகன் ராப் பாடினான். எனக்குப் பாதி புரியாது. காதைப் பொத்தினாலும் கேட்கும். கூட்டம் வரிக்கு வரி கூடவே பாடும். மேடையை விட்டு இறங்கினால் எவனாவது, "உனக்கு எந்த நாடு?" என்று கேட்டுவிடுவான்.

அதனால்தான் கண்டியில் எடுக்கும் தமிழ்ப் படத்தில் நடிக்க அழைப்பு வந்தபோது, அவனைவிட நான் துள்ளினேன். குசினியில் சமைத்தபடியே வசனங்களைச் சொல்லிக்கொடுத்தேன். என் ஊராவது அவனை முழுசாக ஏற்றுக்கொள்ளும் என்று ஆசைப்பட்டேன்.

கண்டிக்குப் பக்கத்துக் கடுகண்ணாவையில் முதல் நாள் படப்பிடிப்பு முடிந்ததும் டைரக்டர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, தம்பி மொகம் அசல் நம்ம ஊரு. பேச்சுதான் இழுக்குது. கொரலுக்கு வேற ஆளப் போட்டுக்குவோம். கோவிச்சுக்காதீங்க."

பாட்டுப் பாடுகிற என் மகனிடம் போய், உன் குரல் வேண்டாமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசிக் காட்சியில், தாயைக் கூப்பிடும் அந்த ஒரு வசனமாவது அவன் குரலில் இருக்கட்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். விஷயம் தெரிந்து நிக்கோவும் அறையில் நடந்து நடந்து அதையே சொல்லிப் பழகினான். அவன் சொல்லிக் காட்டியதை டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரிவராது அக்கா" என்றார்.

படம் முடிந்து, கண்டியில் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கடைசிக் காட்சி வந்தது. திரையில் நிக்கோ திரும்பி, "அம்மா, வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றான். யாரோ உள்ளூர்ப் பையனின் குரல். ஒரு பிசிறு இல்லை. ஏதென்ஸ் வீட்டில் இத்தனை வருடம் நான் கேட்க ஏங்கிய பேச்சு. என்னை மறந்து, "இந்தா வர்றேன்ப்பா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த நிக்கோ என்னைத் திரும்பிப் பார்த்தான். வேறு யாருடையதோ குரலுக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து, அதே வசனத்தைக் கிரேக்கத்தில், தன் சொந்தக் குரலில் சொன்னான்.

"எலா, மமா. பாமே ஸ்பீத்தி."

எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. அதற்கும், "வர்றேன்ப்பா" என்றேன்.