சின்னத்துரைக்குத் தமிழும் எனக்கு இங்கிலீசும்

தேயிலைச் செடிக்கு இங்கிலீசு தெரியாது என்பது அந்தக் காலத்தில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் மேல்மலைக்குப் போகும் குறுக்குப் பாதையில் ஏறிவிடுவேன். கொழுந்து எடுத்து முடித்த மலையில் ஒரு ஈ காக்கை இருக்காது. அங்கே நின்றுகொண்டு, "குட் ஈவினிங் சார், ஐ ஹேவ் கம் அபவுட் த வேலை" என்று வாய்விட்டுச் சொல்லுவேன். 'வேலை' என்பதற்கு இங்கிலீசு வார்த்தை அந்த நேரம் பார்த்து எங்கேயாவது ஓடிப்போயிருக்கும். உடனே வெட்கம் வந்துவிடும். கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் எதற்கடா வெட்கம் என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் குட் ஈவினிங்கிலிருந்து ஆரம்பிப்பேன்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் உதவி வாத்தியார். சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அது எங்களுக்கும் சேர்த்துத்தான் கிடைத்ததா என்பதில் எங்கள் லயத்தில் பலருக்குச் சந்தேகம் இருந்தது. நீ எந்த நாட்டு ஆள் என்று கேட்டு எங்களை ஆபீசு ஆபீசாக அலைய விட்ட காலம் அது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு என்னை வளர்த்தது அக்கா. மலையில் கொழுந்தெடுத்தே என்னை ஹட்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தம்பி ஒரு நெலைக்கு வரட்டும்" என்று தள்ளிப்போட்டாள். நான் வந்த நிலை, கையில் ஒரு சோக்கட்டியும் எதிரே ஒரு கூட்டம் மூக்கொழுகிப் பிள்ளைகளுமாக இருந்தது. இருவரும் கொழுந்தெடுக்கும் அக்காவின் பேரில் தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பிராவிலேயே குடியிருந்தோம்.

தோட்டத்து ஆபீசில் ஒரு கிளாக்கர் வேலை காலியாகப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. கிளாக்கருக்குத் தனி வீடு உண்டு. அக்கா மலையேற வேண்டியதில்லை. ஆபீசில் போய் விசாரித்தேன். பெரிய கிளாக்கர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "எழுத்து பரவாயில்ல தம்பி. ஆனா பெரியதொரை கூப்பிட்டு வச்சுப் பேசுவாரு. வாய் தெறக்குமா?" என்றார். திறக்காது. அதுதான் என் வியாதி. வாசித்தால் புரியும். லிந்துலைக் கடை நானா சீனி சுற்றிக் கொடுக்கும் இங்கிலீசுப் பேப்பர்களை நீவி நீவி வாசிப்பேன். யாராவது எதிரில் நின்று ஒரு கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பேச ஆள் வேண்டும். இங்கிலீசு பேசுகிற ஆட்கள் என்னோடு ஏன் பேசப்போகிறார்கள்?

அந்த நேரத்தில்தான் சீமையிலிருந்து பெரியதுரைக்கு உதவியாகப் புதிதாக ஒரு சின்னத்துரை வந்து இறங்கினார். என் வயதுதான் இருக்கும். கொஞ்சம் வெயில் பட்டாலும் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்துவிடுவார். தோட்டத்துக்கு வரும் துரைமார் தமிழ்ப் பரீட்சையில் தேறியாக வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. தேறினால்தான் உத்தியோகம் நிலைக்கும். அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க என்னைப் போகச் சொன்னார்கள். எனக்குச் சம்பளம் வேண்டாம், அரைமணி நேரம் தமிழ் படித்தால் அரைமணி நேரம் என்னோடு இங்கிலீசில் பேச வேண்டும் என்று கேட்டேன். மனப்பாடம் செய்துகொண்டு போய்த்தான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

லயத்து ஆள் துரைக்கு முன்னால் உட்கார்ந்ததை அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. நான் உட்கார வேண்டும் என்று துரை சொன்னதும், பங்களாவில் சமையல் பார்த்த அப்பு ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, மனசே இல்லாமல் வராந்தாவின் ஓரத்தில், சாரல் அடிக்கிற இடமாகப் பார்த்துப் போட்டார். மழை நாட்களில் பாதி நனைந்துதான் தமிழ் சொல்லிக் கொடுத்தேன்.

துரைமாருக்கென்றே அச்சடித்த ஒரு பாடப்புத்தகம் அவரிடம் இருந்தது. அதைப் புரட்டிய முதல் நாளே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கூடையைக் காட்டு. ஏன் பிந்தி வந்தாய்? வாயை மூடு. உனக்கு இன்றைக்கு அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான். பக்கம் பக்கமாக இதே சங்கதி. புத்தகம் முழுவதும் தேடியும் ஒரு 'வாங்க' கிடையாது, ஒரு 'நீங்க' கிடையாது. நான் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். "பரீட்சையில் அது வராதே" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தார்.

என் அரைமணி நேரத்திலும் வேறு பேச்சு எழவில்லை. தான் படித்த வாக்கியத்தையே இங்கிலீசில் சொல்லச் சொல்லுவார், நான் சொல்லுவேன், திருத்துவார். இப்படியே மாதங்கள் போயின. கூடையைக் காட்டு, வாயை மூடு என்பதையெல்லாம் வெள்ளைக்காரன் மாதிரியே சொல்லக் கற்றுக்கொண்டேன். யாரிடம் போய்ச் சொல்வது? அக்காவிடமா? திரும்பி இறங்கும்போது கோபத்தில் இருட்டைப் பார்த்து, "ஷோ மீ யுவர் பாஸ்கெட்" என்று கத்தியிருக்கிறேன். ஆனாலும் வாய் திறந்துவிட்டது என்பது நிஜம். கேட்டால் பதில் வந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

அதுவரைக்கும் தோட்டத்தில் துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் கணக்கப்பிள்ளை ஒருவர் நின்று பேச்சை மாற்றிச் சொல்வார். துரை பல்லைக் கடித்துக்கொண்டு கத்துவார். "கொஞ்சம் கவனமா எடுக்கச் சொல்றாரு" என்பார் கணக்கப்பிள்ளை. பெண்கள் துரையின் பரம்பரையையே இழுத்து வைத்துப் பேசுவார்கள். "தே ஆர் சாரி, சார்" என்பார். அந்த மனிதர் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அவருடைய அரைகுறை இங்கிலீசால் பலருடைய வேலை பிழைத்துக்கிடந்தது.

பெண்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே இருந்தது. துரை குதிரையில் வந்தாலும் நடந்து வந்தாலும், "சலாங்க தொரை" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள். அதே மூச்சில், அதே சிரிப்போடு, "பாடையில போறவனே" என்பார்கள். துரையும் தொப்பியைத் தொட்டுச் சிரித்துவிட்டுப் போவார். நாளெல்லாம் மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்கிறவர்களுக்கு வேறு என்ன இருந்தது? இந்த விளையாட்டில் அக்காதான் கெட்டிக்காரி. அவள் ஒன்று சொன்னால் வரிசையாக நின்று கொழுந்தெடுக்கும் நிரையே சிரித்துக் குலுங்கும்.

துரையின் காது திறந்துகொண்டு வருவது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பரீட்சையில் தோட்டத்து ஆட்களோடு பேசவும் வேண்டும் என்பதால், புத்தகத் தமிழை விட்டுவிட்டு லயத்தில் பேசுகிற மாதிரியே வேகமாகப் பேசிக் காட்டு என்று கேட்டிருந்தார். நானும் பேசிக் காட்டினேன். முதலில் திருதிருவென்று விழித்தவர், போகப் போகச் சரியான இடத்தில் சிரிக்க ஆரம்பித்தார். அன்று இரவு சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, சின்னத்தொரைக்கு இப்ப நாம பேசுறது வெளங்குது. மலையில வாயக் கட்டிக்கிட்டு இரு."

அவள் ரொட்டியைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "நீயுந்தான் எம்புட்டு நாளா இங்கிலீசு படிக்கிற. என்னத்தப் பேசிட்ட? நீ பேசாததையா அவரு பேசிருவாரு?"

"வெளையாட்டு இல்லக்கா."

"போடா. எந் தம்பிக்கே ஏறல, தொரைக்கு ஏறிருமா?"

என் படிப்பை வைத்து அவள் துரையின் படிப்பை அளந்தாள். நான் அவளுக்கு முன்னால் ஒரு நாளும் இங்கிலீசு பேசிக் காட்டியதில்லை. கூச்சம். இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டாள்.

பகல் நிறுவை பள்ளிக்கூடத்துக்கு மேலே ரோட்டு முனையில் நடக்கும். ஜன்னல் வழியே தராசும் ஆட்களும் தெரியும், பேச்சும் கேட்கும். மாசி மாதத்து வெயில். மழை பெய்து பல நாளாகி, செடியெல்லாம் காய்ந்து கிடந்தது. அப்படியிருந்தும் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறதென்று எல்லாருடைய நிறையிலும் கழித்துக்கொண்டிருந்தார்கள். சின்னத்துரை தராசுக்குப் பக்கத்தில் நின்றார். அக்காவின் கூடையை நிறுத்துக் கழித்ததும், அவள் துரைக்கு ஒரு சலாம் வைத்து, சிரித்த முகம் மாறாமல் அடுத்து நின்றவளிடம் சொன்னாள்.

"இந்த வெயில்ல தண்ணி எங்கேருந்துடி வந்துச்சு? இவன் ஆத்தா வந்து ஊத்திட்டுப் போனாளா?"

நிரை முழுவதும் சிரித்தது. துரை சிரிக்கவில்லை. முகம் காது வரைக்கும் சிவந்தது. கணக்கப்பிள்ளை அவசரமாக, "ஜோக், சார், ஒன்லி ஜோக்" என்று குறுக்கே வந்தார். துரை கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, அக்காவைப் பார்த்துத் தமிழில் நிதானமாகச் சொன்னார்.

"எனக்கு விளங்கியது. நீ என் தாயைப் பேசினாய். நாளையிலிருந்து உனக்கு வேலை இல்லை. போ."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. 'இல்லை' என்பதை நான் கொஞ்சம் இழுத்துச் சொல்வேன். அவரும் அப்படியே இழுத்தார். என் குரலே வெள்ளைக்கார வாயிலிருந்து வருவதுபோல இருந்தது. ரோட்டில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பள்ளிக்கூட ஜன்னலைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. அவள் துரையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளுக்கு ஏதோ கணக்கைப் போடச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். அதற்குள் அவளைக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

பேரை வெட்டிப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டால் வேலை மட்டும் போகாது, காம்பிராவும் போகும். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஹட்டனில் இருந்த சங்க ஆபீசுக்கு எழுதிப் போடலாம் என்றார். எழுதி, பதில் வந்து, விசாரணை வருவதற்குள் எங்கள் சட்டி பானை ரோட்டுக்கு வந்துவிடும் என்று அவருக்கும் தெரியும். எனக்கு வேறொரு யோசனை ஓடியது. துரையின் தமிழில் இரக்கத்துக்கு வார்த்தை கிடையாது. அந்தப் பாடம் புத்தகத்திலேயே இல்லை. அவருக்கு இரக்கம் என்று ஒன்று இருந்தால் அது இங்கிலீசில்தான் இருக்கும். அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பங்களாவுக்கு ஏறினேன். அக்காவும் கூடவே வந்தாள். லயத்து ஆட்கள் படிக்கு மேலே வரக்கூடாதென்பதால் கீழே வேலியோரம் நின்றுகொண்டாள். துரை பைப் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் போட்டபடி இருந்தது. நான் உட்காரவில்லை. எதையும் மனப்பாடம் செய்துகொண்டு போகவும் இல்லை.

பேசினேன். அவள் என் அக்கா என்று சொன்னேன். தாய் தகப்பன் இல்லாத என்னை அவள் வளர்த்ததைச் சொன்னேன். இன்றைக்கு நான் உங்கள் முன்னால் இந்தப் பாஷையில் பேசுவதே அவள் எடுத்த கொழுந்தால்தான் என்றேன். மலையில் பெண்கள் பேசுவது களைப்புக்காக, அதில் யாருடைய தாயும் இல்லை என்றேன். எல்லாருக்கும் முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்பாள், அவளை வெளியே அனுப்பினால் எங்களுக்குப் போக இடமில்லை என்றேன். நடுவில் ஓரிடத்தில், தமிழில் யோசிக்காமலே பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. தேடாமலே வார்த்தைகள் வந்தன. ஓரிடத்திலும் வாக்கியம் உடையவில்லை.

துரை பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கண் கொட்டாமல் கடைசி வரை கேட்டார். நான் முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. எனக்கு உயிர் வந்தது.

"பிரமாதம்!" என்றார் இங்கிலீசில். "நீ இவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லையே!"

"தேங்க் யூ, சார்" என்றேன். பாழாய்ப்போன வாய், தானாகவே சொல்லிவிட்டது.

அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் புத்தகத்தை எடுத்து, அன்றைய பக்கத்தைப் பிரித்தார். "ஆரம்பிக்கலாமா?" என்று தமிழில் கேட்டார்.

"எங்க அக்கா விஷயம்?" என்றேன். எனக்கும் அதற்கு மேல் இங்கிலீசு வரவில்லை.

"அது முடிந்த விஷயம்" என்றார், தணிந்த குரலில், மிகச் சரியான தமிழில்.

நான் இறங்கி வந்தேன். அவரை அடித்திருக்கலாமே என்றும், கூடவே அவர் பாராட்டியது மனசில் எங்கோ ஒரு மூலையில் இனித்ததே என்றும் இரண்டும் சேர்ந்து குமட்டிக்கொண்டு வந்தது.

வேலியோரம் நின்ற அக்கா என்னைக் கண்டதும் இரண்டு எட்டு முன்னால் வந்தாள். அழுது வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு. நான் இங்கிலீசு பேசி அவள் கேட்டது அன்றுதான்.

"என்னாடா இது! தண்ணி மாதிரி பேசுற! நாந்தான் ஒண்ணும் தெரியாம ஒன்னையக் கேலி பண்ணிட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொரையும் சந்தோசமா என்னமோ சொன்னாருல்ல? கேட்டுச்சு. நாளைக்கு மலைக்கு வரச் சொல்லிட்டாரா?"

"இல்லக்கா" என்றேன்.

அவளுக்கு அது விளங்கவில்லை. பங்களாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இல்லடா, நீ அம்புட்டு நேரம் பேசுனியே" என்றாள்.